முதலில் ஜீனோ
பாடநூல் வரிகளை ஒப்பிப்பதே அறிவியல் என்று நம்பும் மாணவர்களுக்கு, அறிவியல் புனைகதையில் எதை முதலில் கொடுக்கலாம்? என் தேர்வு, சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. 1980களில் வந்த நாவல். கதை நடப்பதோ 2021இல். அந்த ஆண்டும் கடந்துவிட்டது வகுப்பறைக்கு நல்ல வசதி. எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று மாணவர்களே சரிபார்க்கலாம். அதில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய், புத்தகம் படித்துத் தானே யோசிக்கத் தொடங்குகிறது. அது சிந்தனைதானா? எட்டாம் வகுப்பிலேயே இதற்குச் சண்டை வரும், வரட்டும்.

அடுத்து, நாகர்கோவிலில் வாழும் ஜெயமோகனின் ‘விசும்பு’ சிறுகதைத் தொகுப்பு. தலைப்புக் கதை வலசைப் பறவைகளைப் பற்றியது. சுசீந்திரம், தேரூர் குளங்களில் அவற்றைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அது அந்நியமாக இராது. நடை சற்றுக் கனம். மேல்நிலை வகுப்புக்கே கொடுக்கிறேன். வாசித்து முடித்ததும் கதைச்சுருக்கம் மட்டும் கேட்பதில்லை.