மாசம் ஒரு ஊசின்னா வருஷத்துக்கு 12 இல்ல, 13: நெட் கட்டியும் உங்க இன்சூரன்ஸும்

2018 மார்ச்சில் நடிகர் இர்ஃபான் கான் தனக்கு நியூரோஎண்டோகிரைன் கட்டி இருப்பதாகச் சொன்னபோதுதான் நம்மில் பலர் அந்தப் பேரையே கேள்விப்பட்டோம். ஸ்டீவ் ஜாப்ஸுக்குக் கணையத்தில் வந்ததும் இதே வகைதான். சுருக்கமா நெட்னு சொல்வாங்க. குடல், கணையம், நுரையீரல்னு பல இடங்களில் வரலாம். நிறைய பேருக்கு மெதுவாகத்தான் வளரும். கட்டி பரவின பிறகும் பல வருஷம் வேலைக்குப் போய்ட்டு இருக்கிறவங்க உண்டு.

பணக் கணக்கு மாறுவதும் இங்கதான். நம்ம ஹெல்த் இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஒரு ஆபரேஷன், ஒரு பெரிய பில் என்ற கணக்கில் எடுத்தது. நெட் பல பேருக்கு வருஷக்கணக்கா ஓடுற செலவு.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் கேஐ-67 என்று ஒரு சதவீதம் இருக்கும். செல்கள் எவ்வளவு வேகமா பெருகுதுன்னு அது காட்டும். 3%-க்குக் கீழே என்றால் கிரேடு 1, 20% வரை கிரேடு 2, அதுக்கு மேல கிரேடு 3. கட்டி ஒரே இடத்தில் இருந்தா ஆபரேஷன்தான் முதல் யோசனை. ரொம்பச் சின்னது, ஹார்மோன் தொந்தரவும் இல்லைன்னா சிலருக்கு ஸ்கேன் மட்டும் எடுத்துக் கவனிச்சுட்டே இருப்பாங்க. அது அலட்சியம் இல்லை, அதுவும் ஒரு சிகிச்சை முடிவுதான்.

பரவியிருந்தா பல பேருக்கு ஆக்ட்ரியோடைட் அல்லது லான்ரியோடைட் ஊசி. 28 நாளுக்கு ஒண்ணு. மாசம் ஒண்ணுதானேன்னு 12-ஆல பெருக்காதீங்க, வருஷத்துக்கு 13 வரும். நோய் கட்டுக்குள் இருக்கும்வரை இது தொடரும். சிக்கல் என்னன்னா, ஊசி போட்டுட்டு அரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துடலாம். 24 மணி நேர அட்மிஷன் இல்லை. வாய்வழி கீமோ, மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசி போன்ற நவீன சிகிச்சைகளுக்குக் கவர் தரணும்னு ஐஆர்டிஏஐ ஒரு பட்டியலே வச்சிருக்கு. இந்த ஹார்மோன் ஊசி அந்தப் பட்டியலில் பேர் சொல்லி இல்லை. அதனால முதல் ஊசிக்கு முன்னாடியே, இது டே-கேரில் வருமா, ஓபிடி செலவா என்று கம்பெனியிடம் மெயிலில் கேட்டு வாங்கிடுங்க. போன்ல சொன்னது கிளெய்ம் நேரத்தில் நிக்காது.

அடுத்தது லுடீசியம்-177 வைத்துச் செய்யும் பிஆர்ஆர்டி. ஊசி வழியா கதிரியக்க மருந்தைக் கட்டிக்கே அனுப்புவாங்க. வழக்கமா 4 டோஸ், 8 வார இடைவெளி. லுடீசியத்தை நம்ம நாட்டிலேயே தயாரிக்கிறாங்க. ஒவ்வொரு டோஸும் பெரிய பில்தான். ஆனா முதல் டோஸிலிருந்து ஏறக்குறைய 6 மாசத்தில் நாலும் முடிஞ்சிடும். கட்டி அந்த மருந்தைப் பிடிக்குமான்னு காலியம்-68 பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்துத்தான் கொடுப்பாங்க, கேட்டதும் கிடைக்கிற சிகிச்சை இல்லை. இதுக்கு அப்புறமும் பல பேருக்கு மாச ஊசி தொடரும். "இதை முடிச்சா செலவு முடிஞ்சது"ன்னு பட்ஜெட் போடாதீங்க. பாலிசி புதுப்பிக்கும் தேதி நடுவில் வந்தா, 4 டோஸும் ரெண்டு வருஷக் கவரில் பிரிஞ்சு விழும். அது லாபம்தான். அதுக்காக டோஸைத் தள்ளிப்போட வேண்டாம், தேதியை டாக்டர் முடிவு பண்ணட்டும்.

கிரிட்டிகல் இல்னஸ் பாலிசி இருக்கா? மொத்தத் தொகை கையில் வருவதால் ஊசிச் செலவுக்கு ரொம்ப உதவும். ஆனா 'குறிப்பிட்ட தீவிரத்தன்மை கொண்ட புற்றுநோய்' என்ற விளக்கத்தில், எல்லைக்கோட்டு வகை, குறைந்த வீரியம் கொண்ட கட்டிகளுக்குப் பணம் இல்லைன்னு எழுதியிருக்கும். பயாப்ஸி ரிப்போர்ட்டின் வார்த்தைகளை அந்த வரியோடு ஒப்பிட்டுப் பாருங்க.

நான் ரொம்பக் கவலைப்படுறது ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸை மட்டும் நம்பி இருக்கிறவங்களைப் பற்றித்தான். வேலை போனா கவரும் போகும். நோய் தெரிஞ்ச பிறகு புது பாலிசி கிடைப்பதே கஷ்டம். கிடைச்சாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன்னாடியே, அதே கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமான்னு எச்ஆரிடம் கேளுங்க. கம்பெனி உங்க உடல்நிலையைப் பார்த்துத்தான் முடிவு சொல்லும், அதுக்கும் நாள் ஆகும்.