முயல் குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரம்

லயத்தில் ஒரு வீட்டுக்கு முயல் குட்டி வந்துவிட்டால், அது அந்த வீட்டுக்கு மட்டும் வந்ததாக இருக்காது. சற்று நேரத்தில் இஸ்தோப்பில் பத்துப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். "எங்கிட்ட குடு, எங்கிட்ட குடு" என்று குட்டி கைக்குக் கை மாறும். ஒரு பிள்ளை கரட் கொண்டுவரும், இன்னொன்று பாண் துண்டு, வேறொன்று பிஸ்கட். மூன்றாம் நாள் விடியும்போது குட்டி விறைத்துக் கிடக்கும். "மலைக் குளிர் தாங்கல" என்று சொல்லிப் பெரியவர்கள் புதைத்துவிடுவார்கள். பிள்ளைகள் இரண்டு நாள் அழுவார்கள்.

எல்லாப் பழியையும் குளிரின் மேல் போடுவது சரியல்ல என்பது எமது எண்ணம். முயல் வெயிலைவிடக் குளிரை நன்றாகத் தாங்கும் பிராணி. அதைக் கெடுப்பது ஈரமும் ஊதல் காற்றும்தான். அவற்றைவிடவும் பெரிய ஆபத்து இரண்டு உண்டு. ஒன்று பயம், மற்றது திடீரென்று மாறும் தீனி. இரண்டுமே முதல் வாரத்தில்தான் வருகின்றன. இரண்டையும் கொண்டுவருவது பெரும்பாலும் நமது பாசம்தான்.

வாங்கும்போதே கவனம் வேண்டும். குட்டி ஒரு மாதத்தில் கூட்டைவிட்டு வெளியே வந்து புல் கடிக்கத் தொடங்கும். "அதுதான் திங்குதே" என்று அந்த வயதிலேயே விற்றுவிடுகிறார்கள். சின்னதாக இருந்தால் பார்க்கவும் அழகு. ஆனால் அந்த வயதில் குடல் இன்னும் பழகியிருக்காது, தாய்ப்பால்தான் பாதுகாப்பு. எட்டு வாரம் நிறைந்த குட்டியையே வாங்குங்கள். விற்பவரிடம் கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "இது இதுவரை என்ன தின்றது?" அதே புல்லில் ஒரு கட்டு, கடைத் தீன் என்றால் ஒரு வாரத்துக்குக் காணும் அளவு கேட்டு வாங்கி வாருங்கள். பழைய கூட்டில் கிடந்த காய்ந்த புல்லில் ஒரு கைப்பிடியும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். தெரிந்த வாசனை பக்கத்தில் இருந்தால் குட்டிக்குத் தைரியம். பஸ்ஸில் கொண்டுவருவதானால் பையில் போடாமல், காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் வையுங்கள்.

கூடு தயாரான பிறகே குட்டி வரவேண்டும். நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம் இருந்தால் வளர்ந்த பிறகும் ஓரளவு போதும், ஆனால் தினமும் கொஞ்ச நேரம் வெளியே ஓடவிட வேண்டும். நிலத்திலிருந்து மூன்று அடி உயரத்தில் கால் போட்டு, மேலே தகரம் அடியுங்கள். மழை அடிக்கும் பக்கத்தைப் பலகையால் மூடுங்கள். முன்பக்கம் அரை அங்குலக் கண் வைத்த கம்பி வலை. நாய் பூனை மட்டுமல்ல, இரவில் மரநாய் வரும், அதற்குக் கூரையும் ஒரு வழிதான். தரை முழுக்க வலையாக இருந்தால் பாதம் புண்ணாகும். பாதிக்காவது பலகை போட்டு, காய்ந்த புல் பரப்புங்கள். உள்ளே ஓட்டை போட்ட ஒரு சிறு பெட்டியை வைத்தால் குட்டி அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஒளிய இடமிருக்கும் குட்டிதான் சீக்கிரம் பயம் தெளியும்.

சிலர் கதகதப்பாக இருக்கட்டும் என்று அடுப்படியில் வைக்கிறார்கள். அது வேண்டாம். விறகுப் புகை முயலின் நெஞ்சுக்கு ஆகாது.

முதல் இரண்டு நாளும் குட்டியைத் தூக்கவே கூடாது. புல்லும் தண்ணீரும் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். "மூலையிலேயே குந்திக்கிட்டு இருக்குதுங்க, நோயா?" என்று தாய்மார் கேட்பதுண்டு. புதிய இடத்தில் அது இயல்புதான், ஆள் இல்லாத நேரத்தில் தின்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்றாம் நாள் ஒரு பிள்ளை மட்டும் கூட்டுப் பக்கத்தில் உட்காரட்டும். கையைக் கீழே வைத்து அதுவாக வந்து முகரும்வரை காத்திருக்கட்டும். மேலிருந்து இறங்கும் கை முயலுக்குப் பருந்து மாதிரி. தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில், மறு கை பின்பக்கத்துக்கு அடியில் இருக்க வேண்டும். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பயந்து பின்னங்காலை உதைத்தால் அதன் முதுகெலும்பே முறிந்துவிடும். தீபாவளிக்குக் குட்டி வாங்கித் தருவதாகப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருந்தாலும், பட்டாசுச் சத்தம் ஓய்ந்த அடுத்த வாரம் வாங்குங்கள்.

இனித் தீனி. முயலின் சாப்பாடு புல்தான், கரட் அல்ல. முதல் வாரம் பழைய இடத்துத் தீனியையே கொடுத்து, உங்கள் வீட்டுப் புல்லைத் தினமும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். மாற்றம் முடிய ஏழு முதல் பத்து நாள் ஆகட்டும். கரட் இலையும் மற்ற மரக்கறியும் மூன்று மாதம் ஆன பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக. கரட் கிழங்கு பெருவிரல் அளவு துண்டு போதும். கோவா இலை அதிகமானால் வயிறு ஊதும். வெங்காயம், லீக்ஸ், உருளைக்கிழங்குச் செடியின் இலை, பட்டர் புரூட் மர இலை, வேலியோரத்து உண்ணிச்செடி ஆகியவை நஞ்சு. பாண், சோறு, பிஸ்கட் எதுவும் வேண்டாம். முயலால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது போனதுதான்.

நமது தோட்டங்களுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. தேயிலைச் செடிகளுக்கு இடையில் பச்சையாக நிற்கும் புல்லில் களைநாசினி பட்டிருக்கலாம். எந்த மலைக்கு எப்போது மருந்து அடித்தார்கள் என்று கணக்கப்பிள்ளை ஐயாவிடமோ கங்காணியிடமோ கேளுங்கள். சந்தேகம் இருந்தால் அந்தப் பக்கமே போகாமல் உங்கள் மரக்கறித் தோட்டத்து ஓரத்துப் புல்லை வெட்டுங்கள். மருந்து வந்த கேனை வெட்டித் தண்ணீர் வைப்பதும் கூடாது. கனமான மண்சட்டி நல்லது. ஈரப் புல்லைக் குவித்து வைத்தால் சூடேறிப் புளித்துவிடும், நிழலில் பரப்பி வாடவிட்டுக் கொடுங்கள்.

முயல்கள் தமது மிருதுவான புழுக்கையைத் தாமே தின்னும். அருவருப்பாகத் தோன்றினாலும் அது முயலின் சீரண முறை, தடுக்காதீர்கள். உருண்டையான, காய்ந்த புழுக்கை நிறையக் கிடந்தால் குட்டி சுகமாக இருக்கிறது. அரை நாளாக ஒன்றும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால், அல்லது கழிச்சல் கண்டால், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, அன்றைக்கே அரசாங்க மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். டிஸ்பென்சரியில் பிள்ளைக்குத் தந்த மருந்தில் மிச்சம் இருக்கிறதே என்று ஊட்டிவிடாதீர்கள். அமொக்சிசிலின் போன்ற மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடல் கெட்டு அது செத்துப்போகும்.

துணைக்கு இரண்டு குட்டி வாங்குவது நல்லதுதான். ஆனால் விற்பவர் "ரெண்டும் பொட்டை" என்று சொன்னதை நம்பியிருக்காமல், மூன்று மாதம் ஆனதும் மிருக வைத்தியரிடம் காட்டிக்கொள்ளுங்கள். ஆணும் பெண்ணுமாக இருந்தால் உடனே வேறு வேறு கூட்டில் விடுங்கள். சினைக்காலம் 31 நாள்தான்.