உலைக்கு ஊதும் காற்றுக்கும் அளவு உண்டு

மரக்கரியில் உள்ள ஒவ்வொரு கிலோ கார்பனும் முழுதாக எரிய ஏறக்குறைய 11.5 கிலோ காற்று வேண்டும். கரியை எடை போட்டு வாங்குகிறோம், விலை பேசுகிறோம். அதைவிடப் பல மடங்கு எடையுள்ள காற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இத்தனைக்கும் கொல்லுப்பட்டறையில் கரி வீணாவதும், இரும்பு கெடுவதும், சில நேரம் உயிருக்கே ஆபத்து வருவதும் பெரும்பாலும் காற்றின் அளவு தவறுவதால்தான்.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள தாமல் பழைய ஊர். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்று இதன் பெயரால் வழங்கியது. மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று இங்கே இருக்கிறது. அதை நம்பி நெல் விளைகிறது. அறுவடை எந்திரம் வந்து கருக்கரிவாளின் தேவையைக் குறைத்துவிட்டது. ஆனால் தேய்ந்த மண்வெட்டி இலையைத் தட்டி நீட்டவும், மழுங்கிய கடப்பாரையைக் காய்ச்சி அடிக்கவும், கொடுவாளுக்குப் பதம் ஏற்றவும் இத்தகைய ஊர்களுக்கு இன்றும் உலை வேண்டும். அந்த உலை பெரும்பாலும் வீட்டை ஒட்டிய சார்ப்பில்தான் இருக்கும். அதனால் பட்டறையின் பாதுகாப்பு என்பது அந்தக் குடும்பத்தின் பாதுகாப்பு.

காற்றை ஊதி இரும்பைப் பழக்குவது நமக்கு நேற்று வந்த வித்தையல்ல. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நடந்த அகழாய்வில் உலைகளும், இரும்புக் கசடும், அவற்றோடு சுடுமண் குழாய்களும் கிடைத்தன. அந்தக் குழாய்களின் வாய்ப்பகுதி உருகிக் கண்ணாடித் தன்மை அடைந்திருந்தது. காற்று நெருப்புக்குள் நுழையும் அந்த ஓரிடத்தில்தான் வெப்பம் உச்சத்தில் இருக்கும். மண்ணே உருகும் அளவுக்கு ஊதியிருக்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. அந்த நீண்ட மரபின் கடைசிக் கண்ணிகளில் ஒன்று, நம் ஊர்ப் பட்டறையில் சுழலும் சின்ன மின்சார புளோயர். தோல் துருத்தியை வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் மணிக்கணக்கில் இழுத்த பாட்டை அது ஒழித்தது. அதற்காகவே அதைக் கொண்டாடலாம்.

ஆனால் துருத்தியிடம் இருந்த ஒரு குணம் புளோயரிடம் இல்லை. துருத்தியை இழுக்கும் கை, நெருப்பைப் பார்த்துக்கொண்டே வேகத்தைக் கூட்டும், குறைக்கும். புளோயர் போட்ட வேகத்தில் ஊதிக்கொண்டே இருக்கும். காற்று மிகுந்தால் கரியில் சேராத ஆக்சிஜன் இரும்பில் சேரும். மேல்தோல் செதில் செதிலாக உரியும். எஃகின் மேற்பரப்பில் உள்ள கார்பனும் எரிந்து போகும். அரிவாள் அடிக்கப் பயன்படும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையின் கடினமெல்லாம் அதிலுள்ள அரை விழுக்காட்டை ஒட்டிய கார்பனால் வருவது. அது போனால் எத்தனை முறை தண்ணீரில் தோய்த்தாலும் அந்த இடத்தில் கூர் நிற்காது. இன்னும் சூடேறினால் இரும்பிலிருந்தே மத்தாப்பு போலப் பொறி தெறிக்கும். அப்படிப் பொறி கிளம்பிய எஃகு உள்ளுக்குள் வெந்துவிட்டது. அதை வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை.

காற்றைக் குறைக்க நல்ல வழி, புளோயருக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு தகட்டுக் கதவு. தகட்டை உள்ளே தள்ளினால் காற்று குறையும், இழுத்தால் கூடும். வழியை அடைத்தால் மோட்டார் திணறும் என்று பலர் அஞ்சுகிறார்கள். சங்குபோன்ற கூட்டுக்குள் சக்கரம் சுழலும் இவ்வகை புளோயரில் நடப்பது நேர்மாறு: தள்ள வேண்டிய காற்று குறைவதால் சுமையும் குறைகிறது. ரெகுலேட்டர் போடுவதானால் முதலில் மோட்டாரைப் பாருங்கள். இரு பக்கமும் கார்பன் பிரஷ்ஷுக்கான சிறு மூடிகள் இருந்தால் அது ரெகுலேட்டருக்குப் பணியும் வகை. மூடிகள் இல்லாமல் கெப்பாசிட்டர் மட்டும் இருந்தால், கையில் கிடைத்த சீலிங் ஃபேன் ரெகுலேட்டரை மாட்டாதீர்கள். மோட்டார் சூடேறிக் காயில் கருகும். வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், அதன் அழுத்தம் கால் பங்காகும், சக்கரத்தைச் சுழற்றத் தேவைப்படும் திறனோ எட்டில் ஒன்றாகும். கொஞ்சம் குறைத்தாலும் மிச்சம் பெரிது.

இனிச் சொல்லப்போவதை ஒவ்வொரு பட்டறைக்காரரும் அவர் வீட்டாரும் மனத்தில் வைக்க வேண்டும். வேலை நடுவில் மின்சாரம் நின்றால் காற்று நிற்கும்; கங்கு நிற்காது. அரைகுறையாக எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு கிளம்பும். நிலக்கரியாக இருந்தால் வேறு எரிவாயுக்களும் சேரும். மேலே வழியில்லாதபோது இவை குழாய் வழியாகத் திரும்பி வந்து புளோயர் கூட்டுக்குள் தங்கும். மின்சாரம் வந்ததும் புளோயர் தானாகச் சுழன்று, அந்த வாயுவைக் காற்றோடு கலந்து நெருப்பை நோக்கித் தள்ளும். குழாய் வெடிக்க அது போதும். ஆகவே கரண்ட் போன கையோடு சுவிட்சை அணையுங்கள், குழாயைப் புளோயரிலிருந்து கழற்றிவிடுங்கள். மின்சாரம் வந்தபின் புளோயரைச் சில நொடிகள் வெறுமனே ஓட்டிவிட்டு, அதன் பிறகு குழாயை மாட்டுங்கள்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்குவதால் பசி மயக்கம் என்றோ வெயில் என்றோ நினைத்துவிடுகிறோம். இந்த ஆபத்து நம் ஊர் உலைக்கு மட்டும் உரியதல்ல. கனடாவின் டொரான்டோவில் நம் உறவுகள் பலரின் வீட்டு பேஸ்மென்டில் வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் இருக்கிறது. அதற்கும் புளோயர்தான் உயிர். ஒன்டாரியோ மாகாணத்தில் அத்தகைய வீடுகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி 2014 முதல் சட்டப்படி கட்டாயம். இங்கே சார்ப்பை மழைக்குத் தார்ப்பாய் கட்டி அடைக்கிறோம், உள்ளே உலை எரிகிறது, சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை தூங்குகிறது. இதை விதி என்று விட எனக்கு மனம் ஒப்பவில்லை.

புளோயரின் பராமரிப்பு பெரிய வேலையல்ல. பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் கூட்டைத் திறக்க வேண்டும். சுவிட்சை அணைப்பது போதாது. சக்கரத்தின் இதழ்களில் கரித்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒரு பக்கமாகப் படிந்தால் எடை சமம் கெட்டு நடுக்கம் வரும். நடுக்கம் பேரிங்கைத் தின்னும். தூரிகையால் தேய்த்து எடுங்கள், தண்ணீர் வேண்டாம். காற்று நுழையும் வாயில் கம்பி வலை போடுங்கள்; பொறி உள்ளே போகாது, துண்டு முனையோ புடவைத் தலைப்போ சிக்காது. புளோயரை நெருப்பிலிருந்து சில அடி தள்ளி வைத்து, இரும்புக் குழாயால் காற்றைக் கொண்டு செல்லுங்கள். தோய்க்கும் தொட்டி பக்கத்திலேயே இருப்பதால் தரை எப்போதும் ஈரம். எர்த் இணைப்புள்ள மூன்று முள் பிளக்கும், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் அங்கே மின்மோட்டார் ஓடக்கூடாது.

வடகிழக்குப் பருவமழைக்குத் தார்ப்பாயை இறக்கும்போது உலைக்கு நேர் மேலே கூரையில் புகை போக வழி விடுங்கள், எதிரெதிராக இரண்டு பக்கம் திறந்து வையுங்கள். வேலை முடிந்ததும் கங்கை மண் போட்டு மூடிவிட்டுப் போகாமல், வெளியே வாரித் தண்ணீர் ஊற்றி முழுதாக அணைத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.