5 பீஸ் வால் பெயிண்டிங் வாங்கப் போறீங்களா? ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க!

ஜெயங்கொண்டத்துல புதுசா வீடு கட்டி முடிச்சவங்களுக்கு ஒரு நிலைமை பொதுவா இருக்கும். ஹோம் லோன் இஎம்ஐ ஓடிக்கிட்டு இருக்கும், கிரகப்பிரவேச செலவு இன்னும் தீர்ந்திருக்காது. அந்த நேரத்துலதான் மலை, ஆறு, சூரியன்னு பாதி புரிஞ்சும் புரியாமலும் இருக்கிற அந்த 5 பீஸ் படம் போன்ல கண்ணுல படும். வாங்கலாம், தப்பே இல்ல. ஆனா நாலு விஷயத்தைப் பார்த்துட்டு வாங்குங்க.

1. இது செலவு, முதலீடு இல்ல

தையப் மேத்தாவோட 'செலிப்ரேஷன்' மூணு பலகை சேர்ந்த ஓவியம். 2002-ல ஏலத்துல சுமார் 1.5 கோடி ரூபாய்க்குப் போச்சு. அது ஓவியர் கையால வரைஞ்ச ஒரே ஒரு அசல். நாம வாங்குறது மிஷின்ல ஆயிரக்கணக்குல அடிக்கிற பிரிண்ட். நாளைக்கு விற்கப் போனா பெருசா ஒண்ணும் தேறாது. அதனால ஹோம் லோன் இஎம்ஐ, அவசர கால நிதி ரெண்டையும் ஒதுக்கி வெச்சபிறகு மிஞ்சுற பணத்துல மட்டும் வாங்குங்க.

2. சுவரை அளந்துட்டு வாங்குங்க

சோபாவோட அகலத்துல மூணுல ரெண்டு பங்கு படம் இருந்தா போதும். சோபா 6 அடின்னா படம் 4 அடி, அதாவது 48 இன்ச். 5 பீஸுக்கு நடுவுல 2 இன்ச் வீதம் 4 இடைவெளி வரும், அதுக்கு 8 இன்ச் போயிடும். மீதி 40 இன்ச். ஒரு பீஸ் 8 இன்ச் அகலம்.

உயரம் 18, 24, 30, 24, 18 இன்ச்னு வெச்சா மொத்தப் பரப்பு 6.3 சதுர அடிதான். ஆனா 48-க்கு 30 இன்ச்னு முழுசா கணக்குப் போட்டா 10 சதுர அடி வரும். கடையில விலை கேட்கும்போது எந்தக் கணக்குல சொல்றாங்கன்னு கட்டாயம் கேளுங்க.

3. 'நோ காஸ்ட் இஎம்ஐ' உண்மையிலேயே இலவசமா?

ஜீரோ பர்சன்ட் வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013-ல சொல்லிடுச்சு. உதாரணத்துக்கு 6,000 ரூபாய் படம், 6 மாச தவணை, வட்டி 300 ரூபாய்னு வைங்க. அந்த 300-ஐ கடைக்காரர் தள்ளுபடியா கொடுத்துடுவார். ஆனா வட்டி மேல 18% ஜிஎஸ்டி 54 ரூபாய் நம்ம தலையிலதான் விழும். பிராசசிங் கட்டணம் 199 ரூபாய்னா, அதுக்கு ஜிஎஸ்டி சேர்த்து 235. ஆக 289 ரூபாய் கூடுதல். மொத்தமா பணம் கட்டினா கிடைக்கிற தள்ளுபடியும் போச்சு.

4. மழையும் வெயிலும்

எம்டிஎஃப் பலகை ஈரம் பட்டா உப்பிடும். ஓதம் ஏறுற சுவர்லயோ பாத்ரூம் ஒட்டின சுவர்லயோ மாட்டாதீங்க. நேரா வெயில் விழுற சுவர்ல கலர் சீக்கிரம் மங்கும். வாடகை வீடா? ஆணி அடிக்கிறதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட கேட்டுடுங்க. டபுள் சைடு டேப்பும் பெயின்ட்டை உரிச்சுடும், அப்புறம் அட்வான்ஸ்ல பிடிப்பாங்க.

சிக்கனமா ஒரு வழி

எங்கயோ இருக்கிற மலையை ஏன் மாட்டணும்? பக்கத்துலயே கங்கைகொண்ட சோழபுரம் இருக்கு. ராஜேந்திர சோழன் வெட்டின சோழகங்கம், நம்ம பொன்னேரி, இருக்கு. சாயங்கால வெளிச்சத்துல ஏரியை நீங்களே போன்ல எடுங்க. 12 மெகாபிக்சல் போட்டோ பொதுவா 4000 பிக்சல் அகலம் இருக்கும். 48 இன்ச்சுக்குப் பிரிச்சா இன்ச்சுக்கு 83 பிக்சல். ஆறேழு அடி தள்ளி நின்னு பார்க்க இது போதும். பிரிண்ட் கடைக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினா, போட்டோவா அனுப்பாம டாக்குமென்ட்டா அனுப்புங்க. இல்லன்னா தரம் குறைஞ்சிடும்.

முதல்ல செய்தித்தாளை அதே அளவுல வெட்டி சுவர்ல ஒட்டி ஒரு வாரம் பாருங்க. அப்பவும் பிடிச்சிருந்தா ஆர்டர் போடுங்க. உங்க ஊர்ல பிரிண்ட் சதுர அடி என்ன விலைன்னு கமென்ட்ல சொல்லுங்க, மத்தவங்களுக்கும் உதவும்!