கப் வந்துச்சு... கிளப் எங்கே?

புதுக்கோட்டை கீழ ராஜ வீதி டீக்கடை. பக்கத்து ஆபீஸ் நண்பர் திடீரென்று கேட்டார்: ''ஃபுட்பால்ல ஜெயிச்ச நம்ம தமிழ்நாட்டு கிளப் எது சார்?''

''சென்னையின் எஃப்.சி.'' என்றது கூட்டம். சரிதான். ஆனால், இன்னொன்று இருக்கிறதே... சென்னை சிட்டி எஃப்.சி.! ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை.

சுதந்திரத்துக்கு முந்தின வருஷம், 1946-ல், நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று ஆரம்பித்தது. பெயர் மாறி, ஐ-லீக்கில் நுழைந்தது 2016-17 சீசனில். பெயரில் சென்னை; கப் அடித்தபோது ஆடியதோ கோவை நேரு ஸ்டேடியத்தில்!

2019 மார்ச் 9. கடைசி மேட்ச். ஒரே பாயின்ட் பின்னால் ஈஸ்ட் பெங்கால் மூச்சு விடுகிறது. மினர்வா பஞ்சாப் மூணாவது நிமிஷமே கோல் போட்டு வயிற்றில் புளியைக் கரைத்தது. இடைவேளைக்குப் பிறகு, அந்த சீசனில் 21 கோல் அடித்த பெத்ரோ மான்ஸி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் டிஃபென்ஸ்காரர் கௌரவ் போரா முன்னால் வந்து இரண்டு கோல். 3-1. சாம்பியன்!

அதே வருஷம் சுவிட்சர்லாந்தின் பாஸல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. ஆஹா, இனி ராஜயோகம்தான் என்று நினைத்தோம். 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக்கில் அந்தப் பெயரே இல்லை.

பிரேசிலில் ரெசிஃபே என்று ஓர் ஊர். 1914-ல் சர்ச் வாசலில் கூடிய பையன்கள் தொடங்கிய கிளப் 'சான்டா க்ரூஸ்'. 2006, 2007, 2008... மூணு வருஷமும் வரிசையாக ஒவ்வொரு படி சறுக்கி, நாலாவது டிவிஷனுக்கு வந்து விழுந்தது. ஜனங்கள் விட்டுவிட்டுப் போனார்களா? 2011-ல் அந்த நாலாவது டிவிஷன் மேட்ச்சுக்கே சராசரியாக 30,000 பேருக்கு மேல் வந்து உட்கார்ந்தார்கள். அந்த வருஷமே டீம் ஒரு படி ஏறியது.

பி.காமில் 'குட்வில்' என்று ஒரு பாடம் படித்தோமே, கண்ணுக்குத் தெரியாத சொத்து... அது இதுதான் சார். கப்பை ஒரே சீசனில் ஜெயித்துவிடலாம். தோற்கிற டீமுக்காக வெயிலில் உட்காருகிற ஊரை எந்தப் பங்குதாரரும் காசு கொடுத்து வாங்க முடியாது.

நண்பர் கிளாஸைக் கீழே வைத்தார். ''அப்ப நாம என்ன செய்யணும்?''

''ஞாயித்துக்கிழமை நம்ம ஊர்ப் பசங்க ஆடுறப்ப போய் நில்லுங்க. தோத்தாலும் கைதட்டுங்க.''

''ஜெயிச்சா?''

''டீ என் கணக்கு!''