கற்பிட்டிக் கரையில் மெல்லிய குரலைப் பிடிக்க

புத்தளம் மாவட்டக் கரையை ஒலிபரப்பாளர்கள் தேடி வந்திருக்கிறார்கள். சிலாபத்துக்குத் தெற்கே இரணவிலவில் அமெரிக்கக் குரல் வானொலியின் சிற்றலை நிலையம் 2016 வரை இயங்கியது. அதற்கான ஒப்பந்தம் 1983இல் ஜே. ஆர். ஜயவர்தன ஆட்சியில் கையெழுத்தானபோது இந்தியா பெரிதும் கவலைப்பட்டது. 1987 இந்திய - இலங்கை உடன்படிக்கையை ஒட்டிய கடிதங்களில் வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகள் பற்றியும் ஒரு பந்தி இடம்பெற்றது. புத்தளத்திலோ, இந்தியாவை நோக்கி 882 கிலோஹேர்ட்ஸில் 400 கிலோவாட் வலுவுள்ள மத்திய அலை நிலையம் அமைந்தது. கடலுக்கு அப்பால், இலங்கையை நோக்கிய தூத்துக்குடி வானொலிக்கு 1053 கிலோஹேர்ட்ஸ், 200 கிலோவாட்.

இந்தக் கரையில் உட்கார்ந்து அமெச்சூர் வானொலியின் மெலிந்த குரல்களைக் கேட்க விரும்புகிறவர் முதலில் நினைவில் வைக்க வேண்டியவை இந்த வலிய அலைகள்தான். காரணம், கேட்கும் கருவியில் இருக்கிறது.

தொலைக்காட்சி பார்க்க விற்கப்பட்ட மலிவான யுஎஸ்பி டொங்கிளை முழு வானொலியாக மாற்றலாம் என்பது 2012இல் தெரியவந்தது. அன்டெனாவில் விழும் அலையை அது எண்களாக்கிக் கணினிக்கு அனுப்பும். மற்ற வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த எண்களுக்கு இருப்பவை 256 படிகளே. 882 ஒலிக்கும் வேளையில் அந்த ஒன்றே படிகளை எல்லாம் நிரப்பிவிட்டால், 7 மெகாஹேர்ட்ஸில் பேசும் நண்பரின் குரலுக்கு ஒரு படிகூட மிஞ்சாது. குரல் கேட்கவில்லை என்று பெருக்கியைப் பூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

ஆகவே முதல் செலவு வடிகட்டிக்கு. 2 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளதைத் தடுத்து மேலுள்ளதை விடும் சிறிய வடிகட்டி போதும். சிற்றலையை நேரடியாக எண்ணாக்கும் முறையில் டொங்கிளின் பெருக்கக் கட்டுப்பாடு வேலை செய்யாது. அங்கே வடிகட்டியை விட்டால் வேறு வழியில்லை. கட்டுப்பாடு உள்ள கருவியில், அன்டெனாவைச் செருகியதும் இரைச்சல் மட்டம் சற்றே உயரும் இடத்தில் பெருக்கத்தை நிறுத்துங்கள். வெப்பமண்டல இடிமின்னலின் இரைச்சல், 7 மெகாஹேர்ட்ஸில் கருவியின் சொந்த இரைச்சலைவிட மிக அதிகம். கூடுதல் பெருக்கம் இரண்டையும் சேர்த்தே உயர்த்தும்.

இதன் பிறகுதான் மென்பொருளின் திறமை தெரியும். நொடிக்கு 24 இலட்சம் மாதிரிகளிலிருந்து 2.5 கிலோஹேர்ட்ஸ் அகலத்தை மட்டும் பிரித்தெடுத்தால், கோட்பாட்டளவில் சுமார் 30 டெசிபெல் ஆதாயம். நோபெல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் 2017இல் தந்த எஃப்டி8 முறை, காதுக்கே எட்டாத சமிக்ஞையையும் எழுத்தாக்குகிறது. உள்ளே வரும்போதே நிரம்பி வழிந்த சமிக்ஞையை மட்டும் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

இரைச்சல் வீட்டுக்குள்ளிருந்தும் வரும். கணினி, எல்ஈடி விளக்கு, சூரிய மின்கல இன்வேர்ட்டர் மூன்றும் சந்தேகத்துக்குரியவை. டொங்கிளை நீண்ட கம்பியால் கணினியிலிருந்து தள்ளி வையுங்கள். அன்டெனாவிலிருந்து வரும் இணைப்புக் கம்பியை ஃபெரைட் வளையத்தில் பல சுற்றுச் சுற்றுங்கள். கடற்காற்றின் உப்பு மின்கம்பப் பீங்கான்களில் படிந்து ஈரமாகும்போது பொறி பறக்கும், வானொலியும் கரகரக்கும். நல்ல மழை அதைக் கழுவிவிடும்.

கடல் தரும் பரிசும் பெரிது. சாதாரண மண்ணைவிடக் கடல்நீர் ஏறத்தாழ 1,000 மடங்கு நன்றாக மின்னைக் கடத்தும். நீர் விளிம்பில் நிற்கும் செங்குத்து அன்டெனாவுக்குத் தொடுவானத்தை ஒட்டித் தாழ்ந்து வரும் தொலைதூர அலைகள் நன்றாகக் கிடைக்கின்றன. 14 மெகாஹேர்ட்ஸுக்கு 5 மீட்டர் கம்பி போதும். விலையுயர்ந்த பெருக்கிக்கு முன் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பதில் பேச ஆசை வந்தால் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் பெறுங்கள். அதுவரை, சூரியன் சாய்ந்த பின் 7 மெகாஹேர்ட்ஸில் கேட்கத் தொடங்குங்கள்.