கைத்தொழில் தெரிந்த ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மூட்டை இறக்க ஆள் வேண்டும் என்றால் தெரிந்தவர்களிடம் சொல்லி வைக்கிறோம். ஓரிரு நாளில் ஆள் வந்து நிற்கிறார். பில்லிங் கம்ப்யூட்டருக்கும், மசாலா அரைவை மிஷினுக்கும், பேக்கிங் மிஷினுக்கும் ஆள் வேண்டும் என்னும்போதுதான் சங்கடம். வருபவர் கெட்டிக்காரரா என்று சோதிக்க நமக்கு அந்தத் தொழில் தெரியாது. ஜி.எஸ்.டி. 1-7-2017-ல் வந்த பிறகு இந்தச் சங்கடம் மளிகைக் கடை வரை வந்துவிட்டது. மாதக் கணக்கு கொடுப்பவர்களுக்கு 11-ம் தேதி விற்பனை விவரம், 20-ம் தேதி வரிக் கணக்கு. 18-ம் தேதி கணக்குத் தம்பி வேலையை விட்டு நின்றால், முதலாளி பாஸ்வேர்டுக்காக அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான்.

நம் ஊர்ப் பூட்டுத் தொழிலைப் பாருங்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பட்டறைகளில் பெரும்பாலும் வயதானவர்களே இருக்கிறார்கள். அலிகார் பூட்டின் போட்டி ஒரு காரணம். கூலி போதாது என்று இளைஞர்கள் தொழில் கற்க வராதது மற்றொரு காரணம். பழகும் காலத்தில் கட்டுப்படியான சம்பளம் கொடுக்காவிட்டால் ஆள் வராது. ஆள் வராவிட்டால் தொழில் ஒருவர் கையோடு முடிந்துவிடும். கடைக்கும் இதே கதிதான்.

எங்கே தேடுவது?

முதலில் தொழிற்பயிற்சி நிலையங்கள். ஐ.டி.ஐ.களில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர், எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் பிரிவுகளில் படித்தவர்கள் ஆண்டுதோறும் வெளிவருகிறார்கள். தமிழக அரசு 2020-ல் தொடங்கிய தனியார்துறை வேலைவாய்ப்பு இணையத்தில் கட்டணமின்றி விளம்பரம் கொடுக்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு. 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தில் பெரிய மில்களுக்கு மட்டும்தான் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். 2019-ல் திருத்திய விதிகளின்படி 4 பேர் வேலை செய்யும் நிறுவனமும் பயிலுநரை எடுக்கலாம். 30 பேர் இருந்தால் எடுப்பது கட்டாயம். 2016-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் உதவித்தொகையில் நான்கில் ஒரு பங்கை, மாதம் ரூ.1,500 வரை, அரசே ஏற்கிறது. பயிற்சி முடிந்ததும் பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை.

எப்படிச் சோதிப்பது?

1. சான்றிதழைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு நாள் கூலி கொடுத்து உங்கள் கடை வேலையையே செய்யச் சொல்லுங்கள். 20 பழைய பில்களைக் கொடுத்துப் பதியச் சொன்னால் வேகமும் தெரியும், பிழையும் தெரியும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

2. தொழில் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆடிட்டரோ, மிஷின் விற்ற கம்பெனி மெக்கானிக்கோ அரை மணி நேரம் பேசினால் போதும்.

3. முன்பு வேலை பார்த்த இடத்தில் நேரில் விசாரியுங்கள். "ஏன் நின்றார்?" என்பதோடு, "மறுபடி வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா?" என்றும் கேளுங்கள்.

4. தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரை விட்டுவிடாதீர்கள். எல்லாம் தெரியும் என்பவரிடம்தான் மிஷின் கெடும்.

சேர்த்த பிறகு?

பாஸ்வேர்டு முதலாளியிடமும் இருக்க வேண்டும். கணக்கின் நகலை வாரம் ஒரு முறை தனியே எடுத்து வையுங்கள். அவர் செய்யும் வேலையை வீட்டுப் பிள்ளையோ, கடையில் உள்ள இன்னொருவரோ கற்றுக்கொள்ளட்டும். சம்பள உயர்வை அவர் கேட்கும் முன்பே கொடுங்கள்; வேறிடத்தில் கேட்டு முடித்துவிட்டு வந்தவரை நிறுத்தி வைப்பது கடினம்.

சரக்கு வாங்கும்போது ஒரு பிடி அள்ளி, முகர்ந்து, கடித்துப் பார்த்தே விலை பேசுகிறோம். ஆளை எடுக்கும்போதும் அந்தப் பொறுமை வேண்டும்.